ராகுவும் கேதுவும் ஊர் சுற்றிய கதை

தினசரி காலண்டரில் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் ராகு காலம், எமகண்டம், குளிகை என்று மூன்று நேரங்கள் அச்சாகியிருக்கும். திங்கள் என்றால் ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது, செவ்வாய் என்றால் மூன்று முதல் நாலரை. ஜோதிடத்தில் பெரிய பிடிப்பில்லாதவர்கூடப் புது வண்டிச் சாவியை வாங்கும் முன் அந்த வரியை ஒரு பார்வை பார்த்துவிடுவார். வாரத்தின் ஏழு நாள்களையும் சூரியன் முதல் சனி வரை ஏழு பேர் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கோயில் நவக்கிரக மேடையில் நிற்பதோ ஒன்பது பேர். கடைசி இருவருக்கும் கிழமை மிஞ்சவில்லை. அந்தக் குறையை ராகு நன்றாகவே ஈடுகட்டிக்கொண்டார்: பகலை எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு நாளும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார். எமகண்டத்தைக் கேதுவின் பங்காகச் சொல்வோரும் உண்டு.

மற்ற ஏழு பேரையும் கண்ணால் பார்க்கலாம். இந்த இருவரை எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்தாலும் பார்க்க முடியாது, ஏனென்றால் அங்கே ஒன்றுமே இல்லை. வானத்தில் சூரியன் போவதாக நமக்குத் தெரியும் பாதை ஒன்று, சந்திரன் போகும் பாதை இன்னொன்று. சற்றே சாய்த்துக் கோத்த இரண்டு வளையல்களைப் போல இவை சுமார் 5 பாகைச் சாய்வில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. வெட்டுமிடங்கள் இரண்டு, ஒன்றுக்கொன்று நேர் எதிரே. சந்திரன் வடக்கு நோக்கி ஏறும் புள்ளி ராகு, தெற்கு நோக்கி இறங்கும் புள்ளி கேது. அமாவாசையோ பௌர்ணமியோ இவற்றுக்கு அருகில் வந்து வாய்த்தால்தான் கிரகணம். மாதாமாதம் கிரகணம் வராததற்குக் காரணம் அந்த 5 பாகைதான். புள்ளிகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டுகளில் வானத்தை ஒரு சுற்று சுற்றுகின்றன. ராசிக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு என்று கணக்கு வரும். ராகு-கேது பெயர்ச்சிப் பலன் புத்தகங்கள் அந்த இடைவெளியில் கடைக்கு வருவது இதனால்தான்.

ஆக, இரண்டு வெற்றுப் புள்ளிகள். இவை அசுரனாகி, பாம்பாகி, டிராகனாகி, கடைசியில் கலிபோர்னியா புத்தகக் கடைவரை போய்ச் சேர்ந்தன.

ரிக் வேதத்தின் ஐந்தாம் மண்டலத்தில் சூரியனை இருளால் துளைப்பவன் பெயர் ஸ்வர்பானு. மறைந்த சூரியனைத் தேடி மீட்டவர் அத்ரி முனிவர். ராகு என்ற பெயர் அதர்வ வேதத்திலும், சந்திரன் ராகுவின் வாயிலிருந்து விடுபடுவதைச் சொல்லும் சாந்தோக்கிய உபநிடதத்திலும் வருகிறது. பாலி மொழிப் பௌத்த நூல்களில் ராகு பிடித்துக்கொண்டதும் சந்திரன் புத்தரிடம் அடைக்கலம் கேட்கிறான். புத்தர் விடச் சொல்கிறார். ராகு நடுநடுங்கி ஓடிப்போய், விடாமல் இருந்திருந்தால் என் தலை ஏழு துண்டாகியிருக்கும் என்று இன்னொரு அசுரனிடம் புலம்புகிறான். இலங்கையில் பிரித் என்ற பௌத்தக் காப்பு ஓதலில் இந்தக் கதை இன்றும் ஓதப்படுகிறது.

பாற்கடல் கடைந்த கதை எல்லோருக்கும் தெரியும். அமுதம் தொண்டையைத் தாண்டும் முன் திருமாலின் சக்கரம் அசுரனின் தலையை அறுத்தது. ராகுவான அந்தத் தலை சாகாமல் வானேறி, தன்னைக் காட்டிக்கொடுத்த சூரிய சந்திரர்களைப் பழிவாங்கியது. மகாபாரதத்தில் கதை இதோடு முடிகிறது. முண்டம் தரையில் விழுந்தது, அவ்வளவுதான். அது எழுந்து கேதுவானதெல்லாம் பிற்காலத்து ஒட்டு வேலை. அந்த நாளில் கேது வேறு உத்தியோகத்தில் இருந்தார். வராகமிகிரர் 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய பிருகத் சம்ஹிதையில் ராகுவுக்கு ஓர் அத்தியாயம், கேதுவுக்கு ஓர் அத்தியாயம். கேது அத்தியாயம் முழுக்க வால்நட்சத்திரங்கள். ஒரு கேது இல்லை, எத்தனையோ கேதுக்கள். பழைய கிரகச் சிற்ப வரிசைகள் சிலவற்றில் ராகுவோடு எட்டுப் பேர்தான் இருப்பார்கள், கேது இருக்கமாட்டார். தலை ஒரு புள்ளியில் உட்கார்ந்துவிட்டது, எதிர்ப்புள்ளி காலியாகக் கிடக்கிறது, வாலோடு ஒருவர் வானில் திரிந்துகொண்டிருக்கிறார். அவரை அழைத்து உட்கார வைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்ப் பக்கம் விழுங்கும் வேலையைப் பாம்பு பார்த்தது. பாம்பு பற்றிய நிலவு குறுந்தொகையிலேயே உவமையாகிவிட்டது. அசுரத் தலையும் பாம்பும் பின்னால் ஒட்டிக்கொண்டன. நம் கோயில்களில் மனித முகமும் பாம்பு உடலுமாக ராகு, பாம்புத் தலையும் மனித உடலுமாகக் கேது.

இவர்களைப் புராணத்திலிருந்து ஜாதகக் கட்டத்துக்குள் கொண்டு வந்ததில் வணிகக் கப்பல்களுக்கும் பங்கு உண்டு. எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து பருவக்காற்றில் வந்த யவனர்கள் மதுவும் பொன்னும் மட்டும் இறக்கவில்லை, பன்னிரண்டு ராசிகளையும் லக்கினத்தையும் ஓரையையும் சேர்த்தே இறக்கினார்கள். யவனஜாதகம் என்ற நூலின் பெயரிலேயே அந்தச் சரக்கின் முகவரி இருக்கிறது. அந்தச் சரக்கில் கிரகங்கள் ஏழு. சந்திப் புள்ளிகள் கிரேக்கருக்குத் தெரியாதவை அல்ல. கிரகணக் கணக்குக்கு அவை அவர்களுக்கும் வேண்டியிருந்தன, ஆனால் பலன் சொல்லும் அவையில் பெரிய இடம் கொடுக்கவில்லை. இந்தியாவில்தான் ஆசனம் போட்டுக் கொடுத்தோம். பெரிய ஆசனம்: 120 ஆண்டு விம்சோத்தரி தசையில் ராகுவுக்கு 18, கேதுவுக்கு 7. உடம்பே இல்லாத இருவர் மனித ஆயுளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள்.

கணித வல்லுநர்கள் சும்மா இருக்கவில்லை. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் எழுதிவிட்டார்: சூரியனை மறைப்பது சந்திரன், சந்திரனை மறைப்பது பூமியின் நிழல். வராகமிகிரரும் தம் ராகு அத்தியாயத்தில் இதையே சொல்லி, கிரகணத்துக்கு ராகு காரணமில்லை என்று அடித்துப் பேசினார். 628-இல் பிரம்மகுப்தர் வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் மாறாகப் பேசலாமா என்று இவர்கள்மேல் பாய்ந்தார். வேடிக்கை என்னவென்றால், அதே புத்தகத்தில் கிரகணம் கணிக்க அவர் தந்த முறை நிழல் கணக்கேதான். நானூறு ஆண்டு கழித்து இந்தியா பற்றி எழுதிய அல்-பிரூனி இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். இவ்வளவு தெரிந்த மனிதர் ஏன் இப்படி எழுதினார் என்று யோசித்து, சாக்ரடீசுக்கு நேர்ந்தது தமக்கும் நேரக் கூடாது என்ற பயமாக இருக்கலாம் என்று கொஞ்சம் இரங்கியும் எழுதினார்.

ராகுவும் கேதுவும் அதற்குள் கிழக்கே கிளம்பியிருந்தார்கள். சீனத் தாங் அரசவையில் இந்திய வழிவந்த கௌதம சித்தா என்ற வானியல் அதிகாரி 718-இல் நவக்கிரக நாள்காட்டியைச் சீனத்தில் எழுதினார். ராகு அங்கே லோஹோ, கேது ஜிது. இங்கேதான் அழகான விபத்து ஒன்று. மேற்கிந்தியாவிலிருந்து வந்த ஒரு பிராமணர் தொகுத்ததாகச் சொல்லப்படும் 9-ஆம் நூற்றாண்டுச் சீன நூலில் ராகு சரியாகச் சந்திப் புள்ளியில் இருக்கிறார். கேதுவோ, சந்திரன் பூமியைவிட்டு மிகவும் விலகி நிற்கும் புள்ளிக்கு மாறியிருக்கிறார். அது முன்னோக்கி நகரும் புள்ளி, ஒன்பது ஆண்டுக்குள் ஒரு சுற்று முடித்துவிடும். 865-இல் ஷூஎய் என்ற துறவி இந்த நூலை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். கியோட்டோ பிரபுக்களுக்கு ஜாதகம் கணித்தவர்கள் அதைப் பார்த்துக் கேது பலன் சொன்னார்கள். இந்தியக் கேது இருக்கும் இடம் வேறு, போகும் திசையும் வேறு. பலன் பலிக்கவில்லை என்று யாரும் புகார் செய்ததாகத் தெரியவில்லை.

தென்கிழக்காசியா கிழமைப் பிரச்சினைக்குத் தன் வழியில் தீர்வு கண்டது. பர்மாவிலும் தாய்லாந்திலும் புதன்கிழமையை இரண்டாக வெட்டினார்கள். பகல் புதனுக்கு, பின்பொழுது ராகுவுக்கு. பர்மியப் பகோடாவைச் சுற்றிக் கிழமை வாரியாக இருக்கும் சந்நிதிகளில் புதன் மாலை பிறந்தவர்கள் தந்தமில்லாத யானையின் முன் நீர் ஊற்றுவார்கள். தாய்லாந்தின் நக்கோன் பதோம் மாகாணத்து வாட் சீசாதோங் கோயிலில் ராகுவுக்குப் படைப்பதெல்லாம் கறுப்பு: கறுப்புக் கோழி, கறுப்புக் காபி, கறுப்பு அவரை, கறுப்பரிசிச் சோறு. நம் திருநாகேசுவரத்தில் அதே ராகுவுக்கு வெள்ளைப் பாலில் அபிஷேகம். பாலி தீவுக்காரர்கள் இன்னும் நடைமுறைவாதிகள். வெட்டுண்ட உடல் பூமியில் விழுந்து நெல் குத்தும் உரலானது என்பது அவர்கள் கதை. அதனால் கிரகணத்தன்று உரலை உலக்கையால் இடிப்பார்கள். தலைக்கு அங்கே வலிக்க வேண்டும்.

மேற்கே போன கதை தனி. சசானியர் காலப் பாரசீகத்தில் கோசிகர் என்ற வானப் பாம்பு உண்டு. தலை மிதுனத்தில், வால் தனுசில், நடுவே ஆறு ராசிக்கு நீண்டு கிடக்கும். பின்னோக்கி ஊர்வதால் பத்தாண்டில் தலை இருந்த இடத்துக்கு வால் வந்துவிடும் என்று புந்தகிஷ்ன் என்ற பாரசீக நூல் சொல்கிறது. 18.6-இல் பாதி 9.3, பாம்புக் கதைக்கு இது மோசமான கணக்கில்லை. 7-ஆம் நூற்றாண்டில் யூப்ரடீஸ் கரை மடாலயம் ஒன்றின் சிரியாக் ஆயர் செவெரஸ் செபோக்ட், வானத்தில் பாம்பு கிடக்கிறது என்ற நம்பிக்கையை எதிர்த்து எழுதினார். ஒன்பது குறிகளைக் கொண்டு இந்தியர் எண்ணும் முறையை 662-இல் வியந்து பாராட்டியவரும் அவரேதான். இந்திய எண்ணுக்கு வரவேற்பு, பாம்புக்கு மறுப்பு.

பாம்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை. பாக்தாதில் அரபு ஜோதிடர்கள் அதைத் தலை, வால் என்று இரண்டாகப் பிரித்து ஜாதகத்தில் வைத்தார்கள். அவர்களில் பெயர்பெற்ற அபூ மஅஷர் காலத்துக்குள் தலை எதையும் பெருக்கும், வால் எதையும் குறைக்கும் என்பது பொது விதியாயிற்று. ‘ராகுவைப் போல் கொடுப்பாரும் இல்லை, கேதுவைப் போல் கெடுப்பாரும் இல்லை’ என்ற நம்மூர்ப் பழமொழியை அந்தக் கூட்டத்தில் சொல்லியிருந்தால் உடனே ஒப்புக்கொண்டிருப்பார்கள். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் ஈரானிலும் மெசபொட்டேமியாவிலும் செய்த பித்தளைக் கிண்ணங்களையும் மைக்கூடுகளையும் அருங்காட்சியகத்தில் பார்க்க நேர்ந்தால் தனுசு ராசியைத் தேடிப் பாருங்கள். பாதிக் குதிரையான வில்லாளி திரும்பி உட்கார்ந்து தன் வாலை நோக்கியே அம்பு குறிவைத்திருப்பான். வாலின் நுனியில் வாயைப் பிளந்த டிராகன் தலை முளைத்திருக்கும். வால் உச்சம் பெறுவது தனுசில் என்ற விதியைத் தட்டானும் அறிந்திருந்தான். ராகுவுக்கு உச்ச வீடு ரிஷபமா, மிதுனமா, விருச்சிகமா என்பதில் நம் ஜோதிடர்களுக்குள் இன்னும் உடன்பாடு வரவில்லை என்பதைச் சொல்லிவைக்கலாம்.

அரபு நூல்கள் லத்தீனுக்குப் பெயர்ந்தபோது டிராகனும் ஐரோப்பாவுக்குப் பெயர்ந்தது. தலை வியாழன், சுக்கிரன் போல நல்லது, வால் சனி, செவ்வாய் போலக் கெட்டது. இந்தியாவில் ராகு சனியைப் போல, கேது செவ்வாயைப் போல என்பார்கள், இருவருமே பாவிகள். மேற்கே போனதும் ஒருவருக்கு மட்டும் நன்னடத்தைச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. பாதுவா நகர மருத்துவர் ஜோவான்னி தே தோந்தி 1364-இல் முடித்த புகழ்பெற்ற வானியல் கடிகாரத்தில் ஏழு கிரகங்களோடு டிராகனின் நகர்வுக்கும் முகப்பு இருந்தது. சந்திரன் ஒரு சந்திப் புள்ளியிலிருந்து கிளம்பி அதே புள்ளிக்குத் திரும்பும் 27.2 நாள் காலத்தை வானியலாளர்கள் இன்றைக்கும் டிராகன் மாதம் என்றுதான் அழைக்கிறார்கள்.

லண்டன் அருகே வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி 1727 முதல் சில நட்சத்திரங்களின் இடத்தை அளந்து வந்தார். அவை இம்மியளவு ஆடின. ராகு ஒரு முழுச் சுற்று முடிக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டு பொறுமையாகக் காத்திருந்து 1748-இல் அறிவித்தார்: ஆடுவது நட்சத்திரம் அல்ல, பூமியின் அச்சு. சந்திரப் பாதையின் சாய்வு 18.6 ஆண்டில் ஒரு சுற்று திரும்பும்போது பூமியின் அச்சும் கூடவே தலையாட்டுகிறது. கடலின் ஏற்றவற்றக் கணிப்பிலும் இதே 18.6 ஆண்டுத் திருத்தம் உண்டு. ராகு நம்மைப் பாதிக்கிறாரா என்று கேட்பவர்களுக்குத் துறைமுகத்தில் கப்பல் ஓட்டும் மாலுமி ‘ஆமாம்’ என்று சொல்லலாம்.

இனி புதுச்சேரி. சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரான்சிலிருந்து வந்த லெ ழாந்தியைப் போல அதிர்ஷ்டக் கட்டை வானியலில் கிடையாது. 1761-இல் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டதால் அசையும் கப்பலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. எட்டு ஆண்டு காத்திருந்து 1769-இல் புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக நின்றபோது மேகம் மறைத்தது. ஊர் திரும்பினால், செத்துவிட்டார் என்று சொத்தைப் பங்கு போடும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் நடுவே அவர் உருப்படியாகச் செய்த காரியம், உள்ளூர்த் தமிழரிடம் கிரகணம் கணிக்கக் கற்றுக்கொண்டது. தாள் இல்லை, பேனா இல்லை. சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாக்கியங்களை முணுமுணுத்தபடி கூட்டிக் கழித்தார்கள். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழர் முறையில் கணித்தால் 41 விநாடி குறைந்தது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான தோபியாஸ் மேயரின் கணக்கு 68 விநாடி கூடியது. சோழி ஜெயித்தது.

1825-இல் ஜான் வாரன் என்பவர் அதே ஊரில் இன்னொரு பஞ்சாங்கக்காரரை உட்கார வைத்து அவ்வாண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அவர் தரையில் சோழி வைத்தார், ஏட்டைப் பார்க்கவில்லை. கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். முடிவில் 52 நிமிடம் தவறியது, அதையும் மறைக்க வேண்டாம். தாம் போடும் கணக்கின் கோட்பாடு அவருக்குத் தெரியாது என்று வாரன் எழுதினார். கோட்பாடு தேவைப்படாத அளவுக்கு யாரோ அதை வழித்தெடுத்து வைத்திருந்தார்கள் என்பதுதான் விஷயம். வாக்கியப் பஞ்சாங்கத்தின் சந்திர வாக்கியங்கள் 248. ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண், ஒவ்வொரு வாக்கியமும் ஒரு நாள் சந்திரனின் இடம். வரருசியின் பெயரால் வழங்கும் இந்த 248 நாள் சுழற்சியைப் பாபிலோனியக் களிமண் பலகைகளில் படித்த ஓட்டோ நோய்கபாவர் என்ற அறிஞர், வாரனின் குறிப்பைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு 1952-இல் ‘தமிழ் வானியல்’ என்றே கட்டுரை எழுதினார். பாபிலோனில் எப்போதோ மண்ணோடு மண்ணான கணக்கு புதுச்சேரித் திண்ணையில் சோழி உருவில் உயிரோடு இருந்திருக்கிறது. இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான்.

பலன் பக்கம் கடைசித் திருப்பம் சென்னை அடையாறு வழியாக வந்தது. தியசாபிகல் சொசைட்டியின் தலைமையகம் 1882-இல் அங்கே குடியேறியது. கர்மாவும் மறுபிறவியும் ஆங்கில வாசகர்களிடம் பரவ அது பெரிய வாசல். அச்சங்கத்துக்காரரான லண்டன் ஜோதிடர் ஆலன் லியோ இரண்டு முறை இந்தியா வந்து போனார். அந்த வழியில் வந்த டேன் ருத்யார் 1936-இல் சந்திப் புள்ளிகளுக்கு மனோதத்துவ விளக்கம் கொடுத்தார். 1975-இல் மார்ட்டின் ஷுல்மன் எழுதிய நூல் கதையை முடித்துவைத்தது: தெற்குப் புள்ளி போன பிறவியின் பழக்கம், வடக்குப் புள்ளி இந்தப் பிறவியில் ஆன்மா போக வேண்டிய திசை.  ராகு அசுரப் பழி தீர்ந்து வாழ்க்கை வழிகாட்டியாக அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். இங்கேயோ ராகு ஆசைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் அதிபதி, கேது ஞானகாரகன். விசா கிடைக்குமா என்று ஜோதிடரிடம் கேட்டால் முதலில் ராகுவைத்தான் பார்ப்பார்.

இப்போது அந்த அமெரிக்க ராகு கைபேசிச் செயலிகளில் ஏறி இங்கேயே திரும்பி வந்திருக்கிறார். செயலி வடக்குப் புள்ளி மேஷத்தில் என்கிறது, வீட்டு ஜாதகம் ராகு மீனத்தில் என்கிறது. இதில் எது தப்பு என்று பிள்ளைகள் குழம்புகிறார்கள். இரண்டும் ஒரே புள்ளிதான். மேற்கத்தியர் ராசியை வசந்த விஷுவப் புள்ளியிலிருந்து அளக்கிறார்கள், நாம் நட்சத்திரத்திலிருந்து. இடையே ஏறத்தாழ 24 பாகை வித்தியாசம் சேர்ந்திருக்கிறது. பலனில் எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். கியோட்டோவில் வேறு புள்ளிக்குச் சொன்ன பலனும் நன்றாகவே ஓடியது. கிரகண நேரத்தை மட்டும் இந்த இரு புள்ளிகளும் பொய்க்க விட்டதில்லை.

2031 மே 21 அன்று மதுரை மேல் வளையச் சூரிய கிரகணம் கடக்கிறது. சந்திரன் அன்று இறங்கு புள்ளியின் பக்கம் இருக்கும், பஞ்சாங்கக் கணக்கில் அது கேது பிடிக்கும் கிரகணம். கிரகணக் கண்ணாடி முன்கூட்டியே வாங்கி வையுங்கள், வெறுங்கண்ணால் பார்க்க வேண்டாம்.